90 ஆயில் ஒழுகுது, 140 ஊத்தலாமா?

பழைய பிரிட்டிஷ் பைக் வெச்சிருக்கிறவங்க என்கிட்ட அதிகமா கேட்கிற கேள்வி இதுதான்: "கியர் பாக்ஸ்ல 90 ஆயில் ஒழுகுது, 140 ஊத்தினா நிக்குமா?" சிலர் இன்னும் ஒரு படி மேல போய், "பேசாம கிரீஸ் அடைச்சிடலாமா?"ன்னு கேட்கிறாங்க. சுருக்கமான பதில், வேண்டாம். ஏன் வேண்டாம்னு புரியணும்னா கியர் பாக்ஸுக்குள்ள எட்டிப் பார்க்கணும். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

பிரிட்டிஷ் பைக் பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு: ஒழுகலைன்னா உள்ள ஆயிலே இல்லைன்னு அர்த்தம். சிரிச்சிட்டு விட்டுடலாம். ஆனா இதுக்குப் பின்னாடி பொறியியல் காரணம் இருக்கு. கியர் பாக்ஸ்ங்கிறது ஓட்டைகள் போட்ட ஒரு ஆயில் டப்பா. மெயின் ஷாஃப்ட், கிக்கர் ஷாஃப்ட், கியர் லீவர் ஷாஃப்ட், இதெல்லாம் வெளிய வந்தே ஆகணும். இன்னைக்கு அந்த ஒவ்வொரு இடத்துலயும் ஒரு ரப்பர் ஆயில் சீல் இருக்கும். அந்தக் காலத்து வடிவமைப்புகள்ல பல இடத்துல ஒரு கம்பளி வாஷர்தான் இருக்கும். சில இடத்துல அதுவும் இல்லை, ஷாஃப்டும் புஷ்ஷும் நெருக்கமா உட்கார்ந்திருக்கிறதுதான் ஒரே தடுப்பு. புஷ் தேய்ஞ்சா அந்தத் தடுப்பும் போச்சு.

ஒரு உதாரணம் சொல்றேன். 1967ல அறிமுகமான நார்ட்டன் கமாண்டோ. இதுல கிளட்ச் இடது பக்கம் இருக்கு, அதைத் தள்ளுற பொறி வலது பக்கம். நடுவுல மெயின் ஷாஃப்ட் உள்ளீடற்ற குழாய் மாதிரி இருக்கும், அதுக்குள்ள ஒரு நீளக் கம்பி ஓடும். கியர் ஆயில் அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா நடந்து போய் கிளட்ச் தட்டுகள்ல இறங்கிடும். தரையில ஒரு சொட்டுகூடத் தெரியாது. ஆனா ஏத்தத்துல முறுக்கும்போது எஞ்சின் கத்தும், வண்டி நகராது. கிளட்ச் போச்சுன்னு நினைச்சு தட்டு மாத்துவாங்க, கொஞ்ச நாள்ல மறுபடியும் வழுக்கும். அந்தக் கம்பிக்கு ஒரு சின்ன சீல் போட்டு, ஆயிலைச் சரியான அளவுக்கு வெச்சாதான் தீரும். அந்த கியர் பாக்ஸுக்குத் தேவையான ஆயிலே அரை லிட்டருக்குக் குறைவு. "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்"னு ஊத்தினா, அந்தக் கூடுதல்தான் முதல்ல வெளிய வரும்.

இப்போ எண்களுக்கு வருவோம். பழைய கையேடுகள் பலதுல கியர் பாக்ஸுக்கு எஸ்ஏஇ 50 எஞ்சின் ஆயில்னு போட்டிருக்கும். கடையில 90 கியர் ஆயில் தருவாங்க. "அடேங்கப்பா, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கெட்டியா?"ன்னு பயப்பட வேண்டாம். எஞ்சின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் அளவுகோலே வேற. 100 டிகிரி செல்சியஸ்ல 50 எஞ்சின் ஆயிலோட பாகுத்தன்மை 16.3ல இருந்து 21.9 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள இருக்கும். 90 கியர் ஆயில் 13.5ல இருந்து 18.5க்குள்ள. அதாவது ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். 140ன்னா குறைஞ்சது 24. அதுதான் உண்மையிலேயே கெட்டி.

கெட்டியா இருந்தா என்ன நஷ்டம்? ஒழுகல் நிக்காது, மெதுவாகும், அவ்வளவுதான். ஆனா அந்த ஆயில் போய்ச் சேர வேண்டிய இடம் வெண்கல புஷ்ஷுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய இடைவெளி. காலையில வண்டி குளிர்ந்து கிடக்கும்போது கெட்டி ஆயில் அங்க போக நேரம் எடுக்கும். அந்த நேரத்துல புஷ் தேயும், தேய்ஞ்சா ஷாஃப்ட் ஆடும், ஆடினா ஒழுகல் இன்னும் கூடும். வெளிய தெரியற கறையை மறைக்க, உள்ள தெரியாத தேய்மானத்தை விலைக்கு வாங்குறோம்.

சாதாரண கிரீஸ் இன்னும் மோசம். சக்கர பேரிங்குக்குப் போடுற 2, 3ஆம் நம்பர் கிரீஸை கியர் பற்கள் வழிச்சு ஓரமா ஒதுக்கிடும். அது திரும்பி வராது, பல் வறண்டு ஓடும். "ஆனா புல்லட்ல கிரீஸ்தானே போடுவாங்க?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கிலாந்தோட ரெடிட்ச்ல பிறந்த புல்லட், 1955ல என்ஃபீல்டு இந்தியா வழியா மெட்ராஸுக்கு வந்துச்சு. அதோட 4 கியர் ஆல்பியன் பாக்ஸ் திருவொற்றியூர்ல பல பத்தாண்டுகள் தொடர்ந்துச்சு. அந்த பாக்ஸ் ஆரம்பத்துல இருந்தே மெல்லிய கிரீஸை மனசுல வெச்சு செஞ்சது. இன்னைக்கு அதுக்கு நெருக்கமானது 00 நம்பர் கிரீஸ். கூழ் மாதிரி வழிஞ்சு திரும்பி வந்து சேரும். அந்த பாக்ஸுக்கு அது சரி, அதையே நார்ட்டனுக்கும் டிரையம்ஃபுக்கும் நகல் எடுக்கக் கூடாது.

அடுத்தது டப்பாவுல எழுதியிருக்கிற ஜிஎல்-4, ஜிஎல்-5. 5 பெருசு, அதனால நல்லதுன்னு தோணும். ஜிஎல்-5 கார்களோட பின் ஆக்ஸில் கியர்களுக்கானது, கடும் அழுத்தம் தாங்க அதுல கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். சூடேறினா கந்தகம் செம்பைத் தாக்கும். வெண்கலத்துல பெரும்பங்கு செம்புதான். இப்போ வர்ற ஜிஎல்-5 பலதும் முன்ன மாதிரி கடுமையா இல்லை. இருந்தாலும் நம்ம பாக்ஸுக்கு அந்தக் கூடுதல் அழுத்தத் தாங்கல் தேவையே இல்லாதபோது எதுக்கு ரிஸ்க்? ஜிஎல்-4 போதும்.

சரி, ஒழுகலை எப்படிப் பிடிக்கிறது? நான் மென்பொருள்ல பிழை தேடுற அதே முறைதான். முதல்ல எல்லாத்தையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுக் காய வையுங்க. மேல டால்கம் பவுடர் தூவுங்க. ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து பாருங்க. சொட்டுற இடம் முக்கியமில்லை, காத்து ஆயிலைப் பின்னாடி தள்ளியிருக்கும். நனைஞ்சதுல மேலயும் முன்னாடியும் இருக்கிற இடம் எதுவோ, அங்கதான் ஆரம்பம். மோந்து பாருங்க: கியர் ஆயிலுக்குன்னு ஒரு கந்தக நெடி உண்டு. அது இல்லைன்னா எஞ்சின் பக்கம் தேடுங்க.

அப்புறம் வண்டியை நேரா நிறுத்தி ஆயில் லெவலைப் பாருங்க. ஷாஃப்டைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடினா முதல்ல புஷ், அப்புறம்தான் சீல். ஆடுற ஷாஃப்ட்ல புது சீல் போட்டாலும் சீக்கிரமே ஒழுகும். மூடி பொருந்துற இடத்துல ஒழுகினா புது பேக்கிங் போடுங்க. சிலிகான் பசையை அள்ளி அப்பாதீங்க, உள்ள பிதுங்குறது பிய்ஞ்சு ஆயில் போற வழியை அடைக்கும்.

தரையில நாலு சொட்டு விழுந்தா அட்டை போட்டுக்கலாம். ஸ்ப்ராக்கெட் பக்கம் ஒழுகி பின் டயர்ல தெறிச்சா வளைவுல வழுக்கும். ஆயில் தீர்ந்து பேரிங் உடைஞ்சா ஓட்டத்துலயே பின் சக்கரம் பூட்டிக்கலாம். அதனால ஒழுகுதுன்னு தெரிஞ்சா வாராவாரம் லெவல் பாருங்க, ஒழுகுற இடத்தைக் கண்டுபிடிங்க. எந்த ஆயில்ங்கிறதை உங்க வண்டியோட கையேட்டைப் பார்த்து முடிவு பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.