பழைய ஜெட் படகு வாங்கலாமா? தாமிரபரணிக் கரையிலிருந்து சில குறிப்புகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது எல்லா டிவியிலும் வந்தது. டிவியில் வராத கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் பெரியம்மா இரண்டு ராத்திரி மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. இன்சுலின் கீழே ஃப்ரிட்ஜில், ஃப்ரிட்ஜ் தண்ணிக்குள்.

கடற்கரையிலிருந்து மீனவர்களின் பைபர் வள்ளங்கள் லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டன. அவர்கள் வந்த இடங்களில் பல உயிர்கள் தப்பின. ஆனால் ரோடு அறுந்துபோன ஊருக்கு லாரி எப்படி வரும்? படகு இருந்தது, ஆளும் இருந்தார்கள், நடுவில் பத்து கிலோமீட்டர் ரோடு இல்லை. அதனால்தான் தண்ணி வடிந்ததும் எங்கள் தெரு ஆட்கள் ஒரு முடிவுக்கு வந்தோம்: ஊருக்குள்ளேயே ஒரு படகு கிடக்க வேண்டும். வசூல் பண்ணியதில் கையில் சேர்ந்தது ஒரு லட்சத்துச் சொச்சம். புதுப் படகு வாங்க அது காணாது. பழசுதான்.

அப்போது ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினான். நியூசிலாந்தில் முழங்கால் ஆழத் தண்ணியில், பாறைகளுக்கு நடுவே, ஒரு படகு பறக்கிறது. "அண்ணே, ஜெட் போட். விசிறியே கிடையாது. பழசு ஒண்ணு தேடுவோமா?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததும், கடற்கரையில் அலைந்து கற்றுக்கொண்டதும்தான் இந்தப் பதிவு.

ஜெட் படகு எப்படி ஓடுகிறது?

சாதாரண மோட்டார் படகில் விசிறி படகுக்குக் கீழே தொங்கும். ஜெட் படகில் அது ஒரு குழாய்க்குள் இருக்கும். படகின் அடியில் சல்லடை போட்ட ஒரு வாய் வழியாகத் தண்ணியை உறிஞ்சி, அழுத்தம் ஏற்றி, பின்பக்கக் குறுகலான வாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். தண்ணி பின்னால் போக, படகு முன்னால் போகும். திருப்புவதற்கு அந்த வாயையே இடமோ வலமோ திருப்ப வேண்டும். பின்னால் போக, வாய்க்கு முன் ஒரு மூடியை இறக்கி, வரும் தண்ணியை முன்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும்.

இதை 1954 வாக்கில் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தவர் நியூசிலாந்தின் பில் ஹாமில்டன். அவர் ஊர் ஆறுகள் அகலமானவை, ஆழமில்லாதவை, கூழாங்கல் நிறைந்தவை. விசிறி வைத்த படகு அங்கே ஓடாது. 1960-ல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் வழியாக எதிர்நீரோட்டத்தில் ஏறின.

நம் நாட்டுக்கும் இந்தப் படகு வந்திருக்கிறது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977-ல் மூன்று ஜெட் படகுகளோடு வங்கக் கடலிலிருந்து கங்கையில் எதிர்த்து ஏறினார். பில் ஹாமில்டனின் மகன் ஜானும் கூட வந்தார். இமயமலைக்குள் நந்தப்பிரயாகை பக்கம் ஓர் அருவி மறிக்கும்வரை போனார்கள். ஆக, சாதனம் நல்ல சாதனம்தான். நம் ஆற்றுக்கும் நம் வேலைக்கும் அது பொருந்துமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஏன் சரிவராது?

முதல் விஷயம், அணைக்கட்டு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை தாமிரபரணிக்கு நீளம் சுமார் 125 கி.மீ.தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஆற்றில் வேகமாக நெடுந்தூரம் ஓட இடமே இல்லை. வேகம்தான் ஜெட் படகின் பலம்.

இரண்டாவது, "முழங்கால் தண்ணியில் ஓடும்" என்பது பாதி உண்மை. வேகம் எடுத்து, தண்ணி மேல் எழும்பி வழுக்கும்போதுதான் அதற்கு அவ்வளவு குறைந்த ஆழம் போதும். நிற்கும்போதும் மெல்லப் போகும்போதும் அது எல்லாப் படகையும் போல அமுங்கித்தான் இருக்கும். மொட்டை மாடியிலிருந்து ஆளை இறக்க வேகமாகவா போக முடியும்? மெல்லப் போகும்போது ஜெட் டீசலையோ பெட்ரோலையோ குடிக்கும், தள்ளுவது குறைவு. இன்னொன்று, ஆக்சிலேட்டரை விட்டால் திருப்பவும் முடியாது. பீய்ச்சுகிற தண்ணிதான் அதற்குச் சுக்கான். பழக்கமில்லாதவன் சுவரைப் பார்த்ததும் பயந்து ஆக்சிலேட்டரைக் குறைப்பான். படகு நேராகச் சுவரில் போய் முட்டும்.

மூன்றாவது, குப்பை. நம் வெள்ளத்தில் வருவது வெறும் தண்ணியா? அமலைச் செடி, வைக்கோல், பிளாஸ்டிக், சாய்ந்த வாழைத் தோட்டம் முழுக்க. வாழை நார் அந்தச் சல்லடையில் சுற்றினால் படகு செத்தது. கலங்கல் தண்ணியோடு போகும் மணல் உள்ளே விசிறியின் ஓரத்தைத் தேய்க்கும். விசிறிக்கும் குழாய்க்கும் நடுவே மயிரிழை போல இருக்க வேண்டிய இடைவெளி பெருகப் பெருக, என்ஜின் சத்தம் மட்டும் ஏறும், படகு நகராது.

நான்காவது, பழசாக நம் ஊரில் கண்ணில் படும் ஜெட் பெரும்பாலும் கடற்கரை விளையாட்டுக்கு ஓடிய வாட்டர் ஸ்கூட்டர்தான். உப்புத் தண்ணியில் வாடகைக்கு ஓடி ஓய்ந்தது. உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதில் ஏறுவது இரண்டு மூன்று பேர். முட்டுவலிக்காரப் பெரியம்மா அதில் எப்படி உட்காருவாள்?

அப்படியும் யாராவது பழைய ஜெட் வாங்குவதாக இருந்தால் நான்கு விஷயம் பாருங்கள். விசிறி ஓரத்து இடைவெளியை அளவுத் தகடு வைத்துப் பாருங்கள். விசிறியைக் கையால் சுற்றி பேரிங் உறுமுகிறதா என்று கேளுங்கள். ரிவர்ஸ் மூடி துருப்பிடித்து இறுகியிருக்கிறதா பாருங்கள். தண்ணியில் இறக்கி முழு வேகத்தில் ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

அப்போ எது?

கூடுதாழை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று நம் கரை முழுக்கக் கிடக்கும் பைபர் வள்ளம்தான். ஒரு காலத்தில் கட்டுமரம் கிடந்த இடத்தில் இன்று அதுதான் கிடக்கிறது. பழுது பார்க்க ஆள் உண்டு, பொருள் உண்டு. ஆனால் அலை அடித்து ஏறப் பண்ணின நீளமான வள்ளம் தெருவுக்குள் திரும்பாது, பத்துப் பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. நாங்கள் தேடியது 16 முதல் 18 அடிக்குள், அடி தட்டையானது, ஓரச் சுவர் உயரம் குறைவானது.

பைபர் வேலை பார்க்கும் ஓர் அண்ணாச்சி எங்களோடு வந்தார். அவர் பார்த்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தட்டிப் பார்த்தார். ஒரு ரூபாய்க் காசை வைத்து அடி, ஓரம், தளம் எல்லாம் தட்டினார். கெட்டியான பைபர் "டிக் டிக்" என்று கேட்கும். அடுக்கு பிரிந்திருந்தாலோ உள்ளே பலகை உளுத்திருந்தாலோ "டொப்" என்று மந்தமாகக் கேட்கும். டொப் கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். வட்டம் கூடக் கூட விலை குறையும்.

அடுத்து, என்ஜின் மாட்டும் பின்பலகை. பைபருக்குள் மரம் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணி இறங்கி அந்த மரம் உளுத்துப் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. மாட்டியிருக்கும் என்ஜினின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பலகை வளைந்தால் விட்டுவிடுங்கள். நாங்கள் முதலில் ஆசைப்பட்ட வள்ளம் இதில்தான் தோற்றது. பளபளவென்று புதுப் பெயின்ட். "எலேய், கல்யாணப் பொண்ணு மாதிரி சிங்காரிச்சா, உள்ள என்னவோ இருக்குன்னு அர்த்தம்" என்றார் அண்ணாச்சி. சரியாகப் போனது.

மூன்றாவது, அடி. மணலில் இழுத்து இழுத்து நடுமுதுகு தேய்ந்து, கண்ணாடி நார் வெளியே தெரிகிறதா பாருங்கள். மேல் பூச்சில் சிலந்திவலை போல மெல்லிய விரிசல் வருவது சகஜம். அதே இடத்தில் உள்பக்கமும் வெள்ளையாக வெளுத்திருந்தால், அடி வாங்கியது உள்வரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். கொப்புளங்கள் இருந்தால் தண்ணி பைபருக்குள் ஊறியிருக்கிறது.

நான்காவது சோதனையை எல்லாரும் விட்டுவிடுவார்கள்: தண்ணி நிரப்பிப் பார்ப்பது. மிதப்பதற்காகப் படகுக்குள் மூடிய அறைகளில் தெர்மகோலோ ஃபோமோ வைத்திருப்பார்கள். அது இருக்கிறதா, ஊறிப்போய் வெறும் பாரமாகிவிட்டதா என்று வெளியே இருந்து தெரியாது. ஆழம் குறைந்த இடத்தில் இறக்கி, வாளியால் விளிம்பு வரை நிரப்புங்கள். அப்போதும் மிதந்தால் நல்ல படகு. விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. மீன் பிடிக்கிறவருக்கு நீந்தத் தெரியும். நாம் ஏற்றப் போவது நீந்தத் தெரியாதவர்களை.

என்ஜின்

தொங்கும் வகை பழைய என்ஜின் பார்க்கப் போனால், வீட்டுக்காரர் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார். ஆறிய என்ஜின் எத்தனை இழுப்பில் எடுக்கிறது என்பதுதான் கணக்கு. தண்ணியில்லாமல் ஓட்டக்கூடாது, டிரம்மிலாவது இறக்கி ஓட்ட வேண்டும். ஓடும்போது பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணி பீச்சாக வர வேண்டும். வராவிட்டால் குளிர்விக்கும் பம்ப் போய்விட்டது.

கீழே கியர் ஆயிலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் சீல் போய்த் தண்ணி ஏறியிருக்கிறது. இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டின் அழுத்தத்தையும் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம். என்ஜின் காலின் நீளம் பின்பலகை உயரத்துக்குப் பொருந்த வேண்டும். 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு அளவுகள் சாதாரணமாக வரும். நம்பர் தகடு சுரண்டியிருந்தால் அப்படியே திரும்பி நடந்துவிடுங்கள்.

வருஷத்தில் ஒரு தடவை தேவைப்படும் என்ஜினுக்கு வேறொரு வியாதி உண்டு. தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகி அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஓட்ட ஆள் இல்லாவிட்டால், வெள்ளம் வரும் ராத்திரி அது எடுக்காது.

காகிதம்

மீன்பிடி வள்ளம் மீன்வளத் துறையில் பதிவானதாக இருக்கும். பதிவுப் புத்தகம் யார் பேரில் இருக்கிறது, சங்கத்தில் கடன் பாக்கி உண்டா, என்ஜின் மானியத்தில் வாங்கியதா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். ஆற்றிலும் குளத்திலும் என்ஜின் வைத்து ஓட்ட நினைத்தால், 1917-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 இருக்கிறது. பதிவு, தகுதிச் சோதனை எல்லாம் அதில் வரும். படகு எந்தத் தெருவில் கிடக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைத் தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்து வைப்பதும் நல்லது.

கடைசியில் என்ன செய்தோம்?

என்ஜின் இல்லாத ஒரு பழைய பைபர் வள்ளத்தை மட்டும் வாங்கினோம். காரணம் பணம் மட்டும் இல்லை. யோசித்துப் பார்த்தால், ஓடும் ஆற்றைக் கடப்பது எங்கள் வேலையே இல்லை. அந்த இழுப்பில் பழக்கமில்லாதவன் என்ஜின் வைத்து இறங்கினால், காப்பாற்ற வேண்டியவர் எண்ணிக்கையில் இன்னும் நான்கு பேர் கூடும். எங்கள் வேலை, தெருவிலும் வயலிலும் தேங்கி நிற்கும் இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணியில் ஆளை மேட்டுக்குக் கொண்டுவருவது. அதற்குக் கழியும் துடுப்பும் கயிறும் போதும். தண்ணிக்குள் மறைந்திருக்கும் கம்பி வேலியில் விசிறி சிக்கும் பயமும் இல்லை.

மிச்சப் பணத்தில் லைஃப் ஜாக்கெட் பத்து, அதில் குழந்தைகளுக்கு மூன்று. நல்ல நைலான் கயிறு. வெயிலில் பைபர் வெளுக்காமல் இருக்க ஓலைக் கொட்டகை. கொஞ்சம் பணத்தைப் பழுதுபார்க்கத் தனியாக வைத்திருக்கிறோம். பழைய படகு வாங்குகிறவர்கள் பாதிப் பேர் கையிலிருப்பது முழுவதையும் படகுக்கே கொடுத்துவிட்டு, முதல் பழுதிலேயே அதைக் கரையில் கவிழ்த்துப் போடுகிறார்கள்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க் குளத்தில் இறக்கிப் பழகுகிறோம். முதல் ஞாயிறு பெரியம்மாவைக் கூட்டிப்போனேன். "நான் எப்பிடிலே இதுல ஏறுவேன்?" என்றாள். ஏற முடியவில்லை. ஓரச் சுவர் குறைந்த படகுதான், ஆனாலும் முட்டு மடங்கவில்லை. அடுத்த வாரமே அண்ணாச்சியிடம் சொல்லி, ஓரத்தில் மாட்டுகிற மாதிரி இரண்டு படி வைத்த சின்ன ஏணி பண்ணிவிட்டோம். நீங்களும் படகு பார்க்கப் போனால், ஊரில் வயதான ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். காசு தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அவரை ஏறச் சொல்லிப் பாருங்கள்.