மின்னஞ்சல் மறுமொழியில் எளிய உரையும் வடிவமைத்த உரையும்

1. முன்னுரை

மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுதுவோர் முன் இரு வழிகள் உள்ளன. எழுத்துகளை மட்டும் அனுப்புவது ஒன்று; இதனை எளிய உரை என்பர். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, வண்ணம், அடிக்கோடு ஆகியவற்றோடு அனுப்புவது மற்றொன்று. இது வடிவமைத்த உரை எனப்படும். பெரும்பாலோர் இதனை விருப்பம் சார்ந்ததாகவே கருதுகின்றனர். மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இது பொருள் சார்ந்த சிக்கலாகும். அனுப்புபவர் திரையில் தோன்றும் ஒப்பனை பெறுபவர் திரையிலும் தோன்றும் என்பதற்கு உறுதியில்லை. எனவே, பொருளை வேறுபடுத்தும் கூறு எதுவாயினும் அது எழுத்திலேயே இடம்பெற வேண்டும்; வடிவமைப்பு அதற்குத் துணையாகலாம், அதன் இருப்பிடமாகலாகாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகராகிய ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) உள்ள ஷாதிபூர் என்னும் பகுதியின் பெயர் இங்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைப் பேசுவோர் கலந்து வாழும் தீவுகள் இவை. இந்தியும் ஆங்கிலமும் இங்கு ஆட்சிமொழிகள். ஆகவே ஒரே கடிதத்தில் இரண்டு மூன்று வரிவடிவங்கள் வருவது இத்தகைய இடத்தில் இயல்பேயாகும்.

2. எழுத்துருவே மொழியாக இருந்த காலம்

1982ஆம் ஆண்டின் மின்னஞ்சல் வரையறை, ஆங்கிலத்துக்கெனப் பிறந்த ஏழு பிட்டு ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே ஏற்றது. பிற மொழி எழுத்துகளுக்கும் வடிவமைப்புக்கும் இடமளித்தது 1992இல் வெளிவந்த மைம் என்னும் வரையறையாகும். தமிழுக்கோ அதன் பின்னரும் இடர் நீடித்தது. 1990களில் தமிழ் எழுத்துகள் எட்டுப் பிட்டு எழுத்துருக்களின் வழியே வழங்கின. ஒரே எண் ஓர் எழுத்துருவில் ஒரு தமிழ் எழுத்தையும் மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்தையும் குறித்தது. இதனால் எழுத்துரு என்னும் வடிவமைப்பு நீங்கிய அளவில் தமிழே நீங்கியது. பொருளற்ற குறிகள் எஞ்சின. இதற்கு அஞ்சியே பலர் உரோமன் எழுத்தில் தமிழை எழுதினர்.

டிஸ்கி குறியேற்றமும், 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் குறியேற்றங்களும் இக்குழப்பத்தைக் குறைக்க முயன்றன. ஆயினும் தமிழும் தேவநாகரியும் ஒரே கடிதத்தில் வருமிடத்து, எப்பகுதிக்கு எந்த எழுத்துரு என்று வடிவமைப்பே சொல்ல வேண்டியிருந்தது. 1991 முதல் தமிழைக் கொண்டிருந்த யூனிகோடு, நடைமுறைக்கு வந்தபின் இந்நிலையை மாற்றியது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதனை ஏற்றது. யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக் குறியும் தனி எண் பெறுவதால், பல வரிவடிவக் கடிதமும் எளிய உரையாகவே செல்ல இயலும். எளிய உரை என்றால் ஆங்கில உரை என்ற பழைய எண்ணம் இன்று பொருந்தாது.

3. அளவு

ஷாதிபூர் என்பது தமிழ் இலக்கண முறையில் நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் 24 பைட்டு. ஏழு பிட்டு வழியில் செல்வதற்காக இதனைப் பேஸ்64 முறையில் மாற்றினால் 32 குறிகளும், கோட்டட்-பிரின்டபிள் முறையில் மாற்றினால் 72 குறிகளும் ஆகும். வடிவமைத்த கடிதம் பெரும்பாலும் எளிய உரைப்படி ஒன்றையும் எச்.டி.எம்.எல். படி ஒன்றையும் சேர்த்தே சுமந்து செல்கிறது. மறுமொழிக்கு மறுமொழி எழுதுந்தோறும் பழைய கடிதமும் இவ்வாறே இரட்டித்து வளர்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10இல் தொடங்கிவைக்கப்படும் வரை, செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையை நம்பியிருந்த இத்தீவுகளுக்கு இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாகவே இருந்தது. இன்று அளவுச் சிக்கல் பெரிதும் தணிந்துள்ளது, பொருட்சிக்கல் தணியவில்லை.

4. அழுத்தம்

ஆங்கிலம் சாய்வெழுத்தால் காட்டும் அழுத்தத்தைத் தமிழ் இடைச்சொற்களால் காட்டுகிறது. ‘அவர் கையொப்பமிட்டார்’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரில் எழுவாய் சாய்ந்திருப்பின் ‘அவர்தான் கையொப்பமிட்டார்’ எனவும், வினை சாய்ந்திருப்பின் ‘அவர் கையொப்பம் இடத்தான் செய்தார்’ எனவும் பெயர்க்கலாம். ஆகவே எளிய உரையில் தமிழ் இழப்பது ஆங்கிலம் இழப்பதினும் குறைவு. ஆனால் மூலம் ஆங்கிலமாக இருந்து, இடைவழியில் சாய்வு நீங்கிவிட்டால், மேற்கண்ட இரண்டில் எதனைக் கொள்வதென மொழிபெயர்ப்பாளர் அறிய வழியில்லை. மூலத்தை அனுப்புவோர் அழுத்தம் எச்சொல்லின் மேல் என்பதைச் சொல்லாலும் குறித்தல் வேண்டும்.

5. குறிகள் மயங்கும் இடங்கள்

மொழியியலார்க்கு உடுக்குறி வழுவுடைய தொடரையோ மீட்டுருவாக்கிய வடிவத்தையோ சுட்டுவது. ‘*நான் வந்தான்’ என்பதில் அக்குறியே கருத்து. சில மென்பொருள்கள் தடித்த சொல்லை எளிய உரையாக்கும்போது அதன் இருபுறமும் உடுக்குறி இடுகின்றன. வலியுறுத்தத் தடித்தெழுதிய சரியான வடிவம், பெறுபவரிடம் வழுவுடைய வடிவம்போல் சென்று சேர்கிறது. எனவே ‘வழு’ என்னும் சொல்லையே அருகில் எழுதுதல் நன்று.

ஒலிபெயர்ப்பிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஷாதிபூர் என்னும் பெயரிலுள்ள தகரம் இந்தியில் வல்லொலி வரிசையின் மூன்றாம் எழுத்து. வடமொழிப் பனுவல்களைத் தமிழில் அச்சிடுவோர் கைக்கொள்ளும் முறைப்படி ஷாதி³பூர் என எழுதலாம். இம்மேலெண்ணை வடிவமைப்பால் உயர்த்தியிருந்தால் எளிய உரையில் அது ‘ஷாதி3பூர்’ என இறங்கிவிடும். யூனிகோடில் மேலெண்ணுக்கெனத் தனிக் குறியீடு இருப்பதால் அதனையே இடுதல் தகும். முதலெழுத்தான ஷகரத்துக்கும் இது பொருந்தும். அதனை விடுத்துச் ‘சாதிபூர்’ என எழுதின் தமிழர்க்குக் குலத்தைக் குறிக்கும் சொல்லே நினைவுக்கு வரும். எழுத்து வேறுபாட்டை எழுத்தாலேயே காக்க வேண்டும்.

உருபன் பகுப்பை மேலும் கீழுமாக நேர்நிறுத்தி எழுதுவோர் வெற்றிடங்களை நம்புதல் ஆகாது. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை. ‘வந்-த்-ஆன்’, ‘வா-இறந்தகாலம்-ஆண்பால் ஒருமை’ எனச் சிறுகோடுகளின் எண்ணிக்கையால் பொருத்துவதே நிலைக்கும்.

6. திருத்தம்

மிகுந்த தீங்கு விளையக்கூடிய இடம் இதுவே. ஓர் அறிவிப்பின் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவர் ‘30’ என்பதன் மேல் கோடிட்டு, ‘60’ என்பதைச் சிவப்பில் சேர்த்து மறுமொழி அனுப்புவதாகக் கொள்வோம். எளிய உரையாகப் படிப்பவருக்கு அது ‘30 60 நாள்களுக்குள்’ என்றே தெரியும். கோடும் இல்லை, சிவப்பும் இல்லை. மேல்முறையீட்டுக்குரிய கெடு எதுவென அவர் ஊகிக்க நேரும். ‘30 என்பதை நீக்கி 60 எனக் கொள்க’ என்று எழுதியிருந்தால் எத்திரையிலும் பொருள் மாறாது.

யார் கூற்று எது என்பதையும் வண்ணத்தால் பிரித்தல் ஏற்றதன்று. இரண்டு மூன்று மறுமொழிகளுக்குப்பின் வண்ணங்கள் கலந்துவிடும். எளிய உரையில் பழைய வரியின் முன் > என்னும் குறியும், அதற்கும் முந்தியதன் முன் >> என்னும் குறியும் இடும் மரபு இவ்வகையில் தெளிவானது.

7. முடிவுரை

வடிவமைத்த உரையை விலக்க வேண்டுவதில்லை. அட்டவணை, மூல நூலின் பக்க அமைப்பு, ஆங்கில மூலத்தின் சாய்வெழுத்து ஆகியவற்றைக் காட்ட அது தேவையே. அவற்றைத் தனிக் கோப்பாக இணைப்பது மேலும் பாதுகாப்பானது. கருத்துப் பரிமாற்றம், திருத்தம், ஐயம் வினாவுதல் ஆகியவற்றுக்கு எளிய உரையே போதும். எவ்வழியைத் தேர்ந்தாலும், அனுப்புமுன் ஒப்பனை முழுவதையும் நீக்கி ஒருமுறை படித்தல் வேண்டும். அவ்வாறு படிக்கையில் பொருள் குறையுமாயின், குறைந்ததைச் சொல்லால் நிரப்பியபின் அனுப்புதல் மொழிபெயர்ப்பாளர் கடமையாகும்.