கடல் செய்யும் பேட்டரி

கடற்கரையை ஒட்டிய நொச்சிக்குப்பத்து லூப் சாலையில் குப்பை எடுக்க வரும் பேட்டரி வண்டி புதிதாக இருந்தால், பின்னால் வந்து நிற்பதுகூடத் தெரியாது. நாலைந்து மழைக்காலம் பார்த்த வண்டி அப்படியில்லை. தூரத்திலேயே தகரம் கடகடக்கும், பிரேக் முனகும், தொட்டி நிறைந்ததும் வேகம் சுருண்டுவிடும். 'சார்ஜ் நிக்கலை' என்பார் ஓட்டுகிறவர். அந்த இரண்டு சொல்லின் காரணத்தைத் தேடிப் போனால் இருக்கைக்கு அடியில் தொடங்கி நேரே கடலில் போய் நிற்கிறோம்.

இருக்கைக்கு அடியிலிருந்தே வருவோம். ஈய பேட்டரியில் ஓடும் இத்தகைய வண்டிகளில் வழக்கமாக 12 வோல்ட் பேட்டரிகள் நான்கை வரிசையாகக் கோத்து 48 வோல்ட் எடுப்பார்கள். ஒன்றுக்கு ஆறு செல் வீதம் 24 செல். 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த ஏற்பாடுதான் இன்றும்: கந்தக அமிலத்தில் மூழ்கிய ஓர் ஈயத் தகடு, ஓர் ஈய டை ஆக்சைடு தகடு. வண்டி ஓட ஓட இரண்டு தகட்டிலும் ஈய சல்ஃபேட் பொடியாகப் படியும். சார்ஜரில் போட்டால் அது பழையபடி ஈயமும் ஈய டை ஆக்சைடுமாகப் பிரியும்.

சிக்கல், உடனே சார்ஜ் போடாமல் விட்டால்தான். பதநீர்ப் பாகைப் பானையில் ஊற்றி, நூல் கட்டி, அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்தால் பனங்கற்கண்டு விளைகிறதல்லவா? பட்டினி கிடக்கும் பேட்டரிக்குள்ளும் அதுவே நடக்கிறது. பொடியாக இருந்த சல்ஃபேட் ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டிப் படிகமாக வளர்ந்துவிடும். சர்க்கரை கரைகிற வேகத்தில் கற்கண்டு கரையாது. குறைந்த மின்னோட்டத்தில் நிதானமாக நெடுநேரம் சார்ஜ் ஏற்றினால் கொஞ்சம் மீட்கலாம், முழுவதும் மீளாது. பேட்டரிக்கு வயதாவது ஓடிய தூரத்தால் மட்டுமில்லை, காலியாகக் கிடந்த இரவுகளாலும்தான்.

24 செல்லில் ஒன்று நலிந்தாலும் மொத்த வண்டியும் நொண்டும். எல்லாவற்றின் வழியாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம். நலிந்தது முதலில் காலியாகும். மற்றவை அப்போதும் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் துருவமே தலைகீழாகிவிடலாம். மூன்று கிழட்டு பேட்டரிகளோடு ஒரு புதியதைச் சேர்ப்பதும் நல்லதில்லை. கிழட்டு மாட்டோடு நுகத்தில் பூட்டிய இளங்காளை போல அதுவும் சீக்கிரம் ஓய்ந்துபோகும்.

மூடி திறக்கும் வகை என்றால் தண்ணீர் பார்க்க வேண்டும். சார்ஜ் முடியும் தறுவாயில் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து பறப்பதால் மட்டம் இறங்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர் தண்ணீரில் உள்ள குளோரைடு தகட்டின் சட்டத்தை அரிக்கும். இரும்புச் சத்தோ சும்மா நிற்கும்போதே சார்ஜைக் குடிக்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும் என்பதால் பக்கத்தில் பீடிகூடக் கூடாது.

இனி கடல். சேசிஸில் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் ஒரு சொட்டு உப்புநீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டின் ஒரு பக்கத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. இன்னொரு பக்கத்தில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. நடுவில் உப்புநீர் சுற்றை மூடுகிறது. எதிர்முனை, நேர்முனை, மின்பகுளி என்று பேட்டரிக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. யாரும் கேட்காமல் கடல் செய்து வைத்த பேட்டரி இது. இதில் எந்த மோட்டாரும் சுழலாது. இரும்பு மட்டும் தீர்ந்துகொண்டே போகும். துரு இரும்பைவிட அதிக இடம் அடைப்பதால் மேலே உள்ள பெயின்ட் அப்பளம் போலக் கொப்பளித்து, அடியில் புது இடம் திறக்கும். மழை பெய்யத் தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே படிந்த உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கசியும். இந்தக் கரையில் விடியற்காலைக் காற்றுக்கு அது சாதாரணம். போதாததற்கு, இங்கே வண்டியில் ஏறும் குப்பையிலும் மீன் செதிலும் ஐஸ் கரைந்த உப்புநீரும் சொட்டுகின்றன.

இரண்டு பேட்டரிகளும் சந்திக்கும் இடம் டெர்மினல். அமில ஆவி செம்பைத் தின்று நீலப்பச்சையாகப் பூத்திருக்கும். நம் மயில்துத்தம்தான் அது. உப்புக்காற்று அந்த வேலையை விரைவாக்கும். அந்த இணைப்பில் ஓர் ஓமின் இருபதில் ஒரு பங்கு தடை ஏறினாலே, 40 ஆம்பியர் இழுக்கும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்து 80 வாட் வெப்பமாகும். 25 வாட் சாலிடரிங் இரும்புகள் மூன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டதற்கு ஏறக்குறையச் சமம்! வண்டி நிற்கும்போது மீட்டர் வைத்தால் எல்லாம் நலமாகவே காட்டும். பாரத்தோடு ஓடும்போது இணைப்பின் இருபுறமும் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நான்கு பேட்டரிக்கும் பணம் புரட்டுவதற்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கட்சி. கம்பியைக் கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த நீரால் செல்லுக்குள் இறங்காமல் கழுவி, பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால், செத்ததென்று நினைத்த வண்டி எழுந்து ஓடுவதும் உண்டு.

வேண்டிய பேட்டரியையும் வேண்டாத பேட்டரியையும் ஒரே கூரையின் கீழ் ஆராயும் இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அடித்தளமாக அமைய, காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. 'சிக்ரி' என்றால் எல்லோருக்கும் தெரியும். ராமேசுவரத்துக்கு இப்பால் மண்டபம் கடற்கரையில் அதற்கு ஓர் அரிப்பு ஆய்வு நிலையம் உண்டு. உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் காய வைத்து, அவை இழந்த எடையைக் கணக்கிடுவார்கள்.

லூப் சாலை வண்டி நாள்தோறும் அதே காற்றில்தான் காய்கிறது. எடைபோட யாருமில்லை, ஆனால் படிந்த உப்பைப் போக்க ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். கன்ட்ரோலரிலும் சாக்கெட்டிலும் படாமல் சேசிஸையும் தொட்டியின் அடியையும் கழுவி, துணியால் துடைத்து, காயவிட்டு, அன்றைக்கே சார்ஜரில் மாட்ட வேண்டும்.