ஓடும் பாலும் ஓடும் செய்தியும்

ரப்பர் ஆலையில் வேலை பார்த்தவர்கள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. காண்டா வாளியில் வந்த பாலை எடை பார்ப்பவர் ஒருவர். வடிகட்டித் தொட்டியில் ஊற்றுபவர் இன்னொருவர். திராவகம் கலந்து உறைய வைப்பது, உறைந்ததை உருளையில் கொடுத்துச் சீட்டாக்குவது, புகைக்கொட்டகையில் தொங்கவிடுவது எல்லாம் வேறு வேறு கைகள். உருளையில் நிற்பவருக்கு மரம் வெட்டத் தெரிய வேண்டியதில்லை. வந்ததை வாங்கி, தம் வேலையை முடித்து, அடுத்தவரிடம் அனுப்பினால் போதும்.

கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவோர் பெரும்பாலும் இப்படிச் செய்வதில்லை. முதலில் இது, பிறகு அது என்று ஒரே நீளமாக எழுதிப் போவார்கள். ஓரிடத்தில் மாற்றினால் எங்கோ ஓரிடத்தில் இடிக்கும். இதற்கு மாற்றாக, ஆலையைப் போலவே புரோகிராமை அமைக்கலாம் என்று கண்டவர் கனடாவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜே. பால் மாரிசன். அவர் முறைக்கு ஓட்டவழிப் புரோகிராம் முறை என்று பெயர் சொல்லலாம். ஒவ்வொரு சிறு பகுதியும் தனக்குரிய ஒரே வேலையைச் செய்யும். பகுதிகளுக்கு இடையே செய்திப் பொட்டலங்கள் ஓடும். ஒரு பொட்டலம் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும். இணைக்கும் பாதைக்கும் அளவு உண்டு. தொட்டி நிறைந்துவிட்டால் ஊற்றுபவர் நிற்க வேண்டும் அல்லவா? அதேபோல் பாதை நிறைந்தால் அனுப்புகிற பகுதி காத்திருக்கும்.

1970-களில் கனடாவின் பெரிய வங்கி ஒன்றில் இம்முறையில் எழுதிய வேலைகள் ஓடத் தொடங்கின. பல ஆண்டுகள் நிலைத்தும் ஓடின. மாரிசன் 1994-இல் இதைப்பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஆயினும் புரோகிராம் எழுதுவோரில் பெரும்பாலோர் இதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. கருத்தில் குறையில்லை, வாசல்தான் குறுகல் என்பது எங்கள் எண்ணம். பக்கத்தில் விசாரிக்க ஆளில்லாமல் தனியே கற்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு, ஆயத்தப் பகுதிகள் அடங்கிய தொகுப்பு ஒன்று கிடைத்தால் மட்டும் போதுமா? எதை எதோடு சேர்ப்பது, சேர்த்தது வேலை செய்கிறதா, செய்யாவிட்டால் பால் எந்தத் தொட்டியில் தேங்கி நிற்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வாசலை அகலப்படுத்திய ஒன்றைச் சொல்கிறோம். 2013-இல் இங்கிலாந்தில், அதே ஐ.பி.எம். நிறுவனத்து ஊழியர் இருவர் நோட்-ரெட் என்னும் கருவியை உருவாக்கினர். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவ்வாண்டே அதைத் திறந்தும் விட்டனர். இணைய உலாவியிலேயே அது திறக்கும். இடப்பக்கம் பகுதிகள் கட்டம் கட்டமாக அடுக்கியிருக்கும். வேண்டியதை இழுத்து நடுவில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோடு போட வேண்டும். தொடங்குகிறவருக்கு இரண்டே கட்டங்கள் போதும்: பொத்தானை அழுத்தினால் ஒரு செய்தியை விடும் கட்டம் ஒன்று, வந்த செய்தியைக் காட்டும் கட்டம் மற்றொன்று. இரண்டாவதை எந்தக் கட்டத்திற்குப் பின்னாலும் மாட்டி, அங்கே என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம். கட்டத்தைத் தொட்டால் அதன் விளக்கம் பக்கத்திலேயே வரும். புத்தகத்தைத் தேடி ஓட வேண்டாம். ஆயத்தமாக இல்லாத வேலைக்கு, தாமே சில வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் போடும் கட்டமும் உண்டு. அதாவது, முன்பு கற்ற எழுத்து வீணாவதில்லை. எங்களுக்கு மிகவும் பிடித்தது இது: வரைந்த படம் முழுவதையும் எழுத்தாக மாற்றி நண்பருக்கு அனுப்பலாம். அவர் அதைத் தம் கணிப்பொறியில் போட்டால் அதே படம் விரியும்.

இதில் ஒன்றை இழந்ததும் உண்மை. மாரிசனின் மூல முறையில் இருந்த அந்தத் தொட்டி அளவு நோட்-ரெட்டில் தானாக இல்லை. செய்திகள் மிக வேகமாக வந்து குவிந்தால், கடைசியில் நிற்கும் கட்டம் முதலில் நிற்பதைத் தடுத்து நிறுத்தாது. அதற்கெனத் தனி ஏற்பாடு செய்தாக வேண்டும். எனவே இத்தகைய கருவிகளை அசல் முறையோடு ஒன்றாக எண்ணாமல், அதன் சாயல் பெற்றவை என்றே மாரிசன் பிரித்துப் பேசினார். வீட்டில் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் பம்பை நிறுத்துவது போன்ற வேலைக்கு இந்தக் குறை தட்டுப்படாது. வங்கிக் கணக்கு போல இலட்சக்கணக்கில் பதிவுகள் வரும் இடத்தில் தட்டுப்படும். அங்கே தேவை மூல முறையைப் பின்பற்றும் தொகுப்பு. ஜாவா மொழிக்கு அப்படி ஒன்றை மாரிசனே செய்து வைத்திருக்கிறார். நோட்-ரெட்டில் கோடு போட்டுப் பழகிய பிள்ளைக்கு அதன் படங்களைப் படிப்பது சிரமமாக இராது.