நாலு மணி நேரம், ஒரே ஒரு அருவி

“அண்ணாச்சி, எங்க பஸ்ஸ ரெண்டு மணிக்கு எடுத்துருவாங்களாம். எந்த அருவிக்குப் போனா நல்லாருக்கும்?”

என் வாழ்நாளில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். தென்காசியில் 26 வருஷம் நேரக் காப்பாளராக வேலை பார்த்தேன். ஊருக்கு நான் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பதிவேட்டில் எழுதுவதும், தாமதமான வண்டிக்காகக் காத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் குற்றாலம் பேருந்து நிலையத்துக்கு சீசன் டூட்டி போடுவார்கள். தகரக் கூரை போட்ட அந்தச் சின்ன அறையின் ஜன்னலில் நாள் முழுக்க முகங்கள் வந்துகொண்டே இருக்கும். மதுரை, குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று ஒரே சுற்றில் வந்தவர்கள், சென்னை ரயிலில் காலையில் இறங்கி மாலை ரயிலுக்குத் திரும்ப வேண்டியவர்கள், கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை போய்விட்டு ஆரியங்காவு, செங்கோட்டை வழியாக வரும் சாமிமார்கள். எல்லோருக்கும் மூன்று மணி நேரமோ நாலு மணி நேரமோதான். வழிகாட்டி வண்டியை விட்டு இறங்கச் சொல்வார், திரும்பும் நேரத்தைச் சொல்வார். எங்கே போய்க் குளிப்பது என்பது அவரவர் பாடு.

எந்த அருவி என்று கேட்டவர்களிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன். வண்டியில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தாக வேண்டும்? கூட யார் யார் வந்திருக்கிறார்கள்? அருவியின் பேர் அதற்கப்புறம்தான்.

இந்த வழக்கம் எனக்கு வந்தது 2009 ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும், நனைந்த சேலையோடு ஜன்னலுக்கு வெளியே நின்றார். “தம்பி, எங்க பஸ்ஸக் காணோமுங்க.” பஸ்ஸின் எண் தெரியாது. பச்சைக் கலர், முன்னால் மாலை போட்டிருக்கும் என்பது மட்டும் தெரியும். அன்று பார்த்து நெரிசல் தாங்காமல் சுற்றுலா வண்டிகளை எல்லாம் வேறு மைதானத்துக்கு அனுப்பியிருந்தார்கள். உள்ளே உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒலிபெருக்கியில் இரண்டு தடவை அறிவித்தேன். கூட வந்த பெண்கள் பேரருவியில் தலையை நனைத்ததும், ஐந்தருவி இதைவிட நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்ல, ஆட்டோ பிடித்திருக்கிறார்கள். வழியெல்லாம் வண்டிகள் நகராமல் நின்றிருக்கின்றன. ஐந்தருவியில் கூட்டத்துக்குள் நுழையவே முடியவில்லை. அவசரமாகத் திரும்பும்போது இந்த அம்மா பிரிந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து வழிகாட்டி தேடி வந்தபோது அவர் சேலை உடம்பிலேயே காய்ந்து போயிருந்தது. எழுந்து போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அருவியப் பாக்கவே இல்லீங்க தம்பி. ஓடுனதுதானுங்க.”

அன்றிலிருந்து நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இரண்டு அருவி சொல்வதை விட்டுவிட்டேன்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். எங்கள் தொழிலில் அப்படித்தான். திருநெல்வேலிக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், தென்காசியில் எப்போது எடுக்க வேண்டும் என்பது ஒன்பதிலிருந்து கழித்து வருவது. இரண்டு மணிக்கு வண்டி கிளம்பும் என்றால் ஒன்றரைக்கு இருக்கையில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முக்கால் மணி. ஈரத்துணி மாற்ற, பிள்ளைகளுக்குத் தலை துவட்ட, நேந்திரங்காய் சிப்ஸும் மங்குஸ்தானும் வாங்க இன்னொரு அரை மணி. அருவிக்கு நடக்கவும் வரிசையில் நிற்கவும் ஒரு மணி. பத்து மணிக்கு இறங்கியவருக்கு நாலு மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். தலையில் தண்ணீர் விழப்போவது ஒன்றேகால் மணி நேரம், சனி ஞாயிறென்றால் அதிலும் பாதி. இதை முதலிலேயே தெரிந்துகொண்டவர் நிதானமாகக் குளிப்பார்.

அடுத்தது, கூட வந்தவர்கள். முழங்கால் வலியோடு ஒரு பாட்டி இருந்தால் பேரருவிதான். பேருந்து நிலையத்திலிருந்து குற்றாலநாதர் கோயிலைத் தாண்டி நடக்கிற தூரம். ஆண்களுக்குத் தனிப் பக்கம், பெண்களுக்குத் தனிப் பக்கம், பிடித்துக்கொள்ளக் கம்பி, துணி மாற்ற இடம் எல்லாம் உண்டு. குளிக்க விருப்பமில்லாதவர்கள் கோயிலில் உட்காரலாம். கோயில் சங்கு வடிவில் அமைந்தது, தல மரம் குறும்பலா. சற்றுத் தள்ளி இருக்கும் சித்திர சபை நடராசருக்குரிய ஐந்து சபைகளில் ஒன்று, உள்ளே சுவரெல்லாம் ஓவியம். அருவிக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பேரருவியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் நேராகத் தலையில் விழுந்தால் மனுஷன் நிற்க முடியாது. பாதி வழியில் பாறையில் ஒரு பெரிய குழி இருக்கிறது, பொங்குமாங்கடல் என்று பெயர். தண்ணீர் முதலில் அதில் விழுந்து, நிரம்பிப் பொங்கி, வேகம் தணிந்து அப்புறம் கீழே இறங்குகிறது. நாம் முதுகு காட்டி நிற்கும்போது பிசைந்துவிடுவது போல் சுகமாக இருப்பதற்கு அந்தக் குழிதான் காரணம். மலையில் மழை வலுத்தால் அந்தக் குழியாலும் தாங்க முடியாது. நாம் குளிக்கும் இடத்துக்கு மேலே கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டி வெளியே தண்ணீர் கொட்டத் தொடங்கும். போலீஸார் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். ‘ஆர்ச்சைத் தாண்டிருச்சா?’ என்பதுதான் குற்றாலத்துக்காரர்கள் காலையில் கேட்கும் முதல் கேள்வி.

இளைஞர்கள், பிள்ளைகளோடு வந்த குடும்பம், சொந்த வண்டி, கையில் அரை நாள் என்றால் ஐந்தருவி. ஒரே பாறை முகட்டிலிருந்து ஐந்து கிளைகளாக இறங்குகிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கிளைகள். போகிற வழியில் வெண்ணமடைக் குளத்தில் படகு விடுகிறார்கள். பேரருவியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் சீசன் ஞாயிறன்று அந்த ஐந்து கிலோமீட்டரை நான் தூரமாக எண்ணுவதில்லை, நேரமாக எண்ணுவேன். கைக்குழந்தை இருந்தால் புலியருவி, அங்கே தண்ணீர் சாதுவாக விழும். செண்பகாதேவியும் தேனருவியும் மலைக்கு மேலே காட்டுக்குள் இருப்பவை, வனத்துறை விடுவதில்லை. யாராவது குறுக்கு வழி தெரியும் என்று சொன்னால் அவர் பின்னால் போகாதீர்கள்.

பழைய குற்றாலம் வேறு திசையில், ஆயிரப்பேரிப் பக்கம். படிப்படியாகத் தண்ணீர் இறங்கும் அழகுக்கு அதைவிட எதுவும் இல்லை என்று நான் நினைக்கிறேன். அங்கே போகச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்வேன். 2024 மே 17 அன்று சீசன் தொடங்கவே இல்லை. கோடை மழை. கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மலை மேல் என்ன நடக்கிறது என்று தெரியாது. நிமிஷத்தில் வெள்ளம் பாய்ந்து இறங்கியது. கூட்டம் அலறிக்கொண்டு படியேறி ஓடியது. ஒரு பள்ளிப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்து போனான். அந்தக் காட்சியைக் கைபேசியில் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீரின் நிறம் திடீரென்று மண் நிறமானால், சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தால், இரைச்சல் மாறினால், விசிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். சோப்பை விட்டுவிட்டு ஓடுங்கள் என்று முன்பெல்லாம் சொல்வேன். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு அருவியில் இப்போது தடை. துணியை விட்டுவிட்டு ஓடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வரும் சாமிமார்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே நுழைந்து சாரலாகத் தூவுகிறது. வெயிலும் சாரலும் ஒரே நேரத்தில் விழுகிற அந்தச் சுகத்துக்குத்தான் குற்றாலம் சீசன் என்று பேர். வடகிழக்கு மழை வேறு குணம். கொட்டினால் கொட்டியதுதான். அந்த மாதங்களில் கீழே வெயிலடிக்கிறது என்பதை நம்பி அருவிக்குள் போகக் கூடாது, மலை முகட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு, 2023 ஜூலையில் மகள் எங்களை அமெரிக்காவுக்கு அழைத்தாள். மியாமியிலிருந்து கரீபியன் கடலில் ஐந்து நாள் கப்பல் பயணம். மெக்சிகோவின் கோசுமெல் தீவில் ஒரு பகல் நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான பேர் இறங்குகிறார்கள். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்கிற சுற்றுலாவில் போனால், திரும்பி வர நேரமானாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனால் காத்திருக்காது. விட்டுவிட்டுப் போய்விடும், அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ப் பிடிக்க வேண்டும். மாப்பிள்ளை சொந்தமாகவே ஒரு கடற்கரைக்குப் போகலாம் என்றார். எனக்குக் குற்றாலத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்ற முகங்கள் ஞாபகம் வந்தன. இப்போது நான் வெளியே நின்றேன்.

தீவின் கிழக்குப் பக்கம் கூட்டமே இருக்காது என்று அவர் படித்திருந்தார். டாக்ஸி ஓட்டுநரிடம் மகள் விசாரித்தாள். கிழக்குக் கரை திறந்த கடலைப் பார்த்தது, அலை பெரிது, அடியில் இழுப்பு உண்டு, குளிக்க ஏற்றதல்ல. மேற்குக் கரை மெக்சிகோ நிலத்தைப் பார்த்தபடி மறைவாக இருப்பதால் தண்ணீர் குளம் போலக் கிடக்கும். கப்பல் நிற்பதும் அந்தப் பக்கமே. நாங்கள் மேற்கிலேயே தெற்கு நோக்கிப் போய் ஒரு கடற்கரையில் இறங்கினோம். கண்ணாடி போன்ற தண்ணீர். என் மனைவி கடலில் இடுப்பளவு இறங்கியது அன்றுதான் முதல் தடவை.

சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை கைபேசியைப் பார்த்துவிட்டு, “இன்னும் நேரம் இருக்கு மாமா, ஒன்றே முக்கால்தான் ஆகுது” என்றார். என் கையில் பழைய எச்.எம்.டி. கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் கப்பல் மியாமி நேரத்திலேயே ஓடியது. கோசுமெல் இருக்கும் மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் கோடையில் மியாமியைவிட ஒரு மணி நேரம் பின்தங்கி இருக்கும். கைபேசி உள்ளூர்க் கோபுரத்தைப் பிடித்துத் தானாக மாறிவிட்டது. நாலரைக்குள் கப்பலில் ஏற வேண்டும். கைபேசியை நம்பியிருந்தால் நாங்கள் கரையில் நின்று கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்திருப்போம். மூன்றரைக்கே ஏறிவிட்டோம். மேல்தளத்தில் நின்று பார்த்தபோது, நாலரை தாண்டியபின் இரண்டு பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஓடி வந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டார்கள். நான் அப்போதுதான் கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

போன ஆனியில் ஒருநாள் விடியற்காலை, நடைப்பயிற்சிக்குப் போனவன் தென்காசி ரயில் நிலைய வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சென்னை வண்டியில் இறங்கிய ஒரு குடும்பம் பக்கத்தில் நின்றது. கணவன், மனைவி, வயதான மாமியார், எட்டு வயதுப் பையன். உறவில் கல்யாணமாம், பத்தரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். அதற்குள் அருவி பார்க்க முடியுமா என்று அந்தப் பெண் டீக்கடைக்காரரிடம் கேட்டாள். அவர் என்னைக் கை காட்டினார்.

பையிலிருந்த சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆறேகாலுக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆறே முக்காலுக்குப் பேரருவி, அந்த நேரத்தில் வரிசை இருக்காது. எட்டு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். கோயிலில் கால் மணி. கோயில் வாசலிலேயே இட்லி. ஒன்பதேகாலுக்குத் திரும்பும் பஸ். அந்தப் பெண் இரண்டு தடவை படித்தாள்.

“அண்ணாச்சி, ஐந்தருவி எழுதலையே? இவன் அதைத்தான் கேட்டுக்கிட்டே வந்தான்.”

பையன் என் முகத்தையே பார்த்தான்.

“அது அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்மா. கல்யாணம் இல்லாத நாளாப் பாத்து வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

டவுன் பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. மணி ஆறு பதினாலு.