தொட்டிக்குள் இறங்கும் முன்



வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் வட்டாரத்தில் தோல் தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் குடும்பத்தைக் காண்பது அரிது. ஒரே மஹல்லாவில் டேனரி முதலாளியும் இருக்கிறார், அங்கே டிரம் ஓட்டுபவரும் இருக்கிறார், வேலைக்கு ஆள் அனுப்பும் மேஸ்திரியும் இருக்கிறார். ஜும்ஆவில் மூவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இந்தக் கட்டுரை மூவருக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் மயங்கி விழுந்தார், அவரைத் தூக்க இறங்கியவரும் இறந்தார் என்ற செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். "விஷவாயு தாக்கி" என்ற இரண்டு சொற்களோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த வாயு எங்கிருந்து வருகிறது, இரண்டாவது ஆள் ஏன் சாகிறார், இதை முன்கூட்டியே தடுப்பது எப்படி என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாயு எங்கிருந்து வருகிறது?

தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். பிறகு, குரோம் ஏற்றுவதற்கு முன், தோலை உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் போடுகிறார்கள். இந்த இரண்டு வேலைகளின் கழிவுநீரும் ஒரே கால்வாயில் கலந்தால், அமிலம் பட்ட சல்பைடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பும்.

இரண்டும் கலக்காவிட்டாலும் ஆபத்து உண்டு. பல நாள் தேங்கிய கசட்டில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் இதே வாயுவை உண்டாக்குகின்றன. மேலே அமைதியாகத் தெரியும் கசட்டை மண்வெட்டியால் கிளறியதும், அடியில் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். இது காற்றைவிடக் கனமானது. அதனால் தொட்டியின் அடியிலேயே தங்கும். அடியில் நிற்பவருக்கே ஆபத்து மிக அதிகம்.

இந்த வாயுவுக்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு. மூக்கை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். காற்றில் 10 லட்சம் பங்குக்கு 100 பங்கு அளவில் இந்த வாயு இருந்தால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். "நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்" என்று நினைக்கும் நேரமே மிகவும் ஆபத்தான நேரம். அளவு 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம் வரும். 1000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். 1000 பங்கு என்பது காற்றில் வெறும் 0.1 சதவீதம்தான்.

கைக்குட்டையோ துணி முகக்கவசமோ எந்த வாயுவையும் தடுக்காது.

இரண்டாவது ஆள் ஏன் சாகிறார்?

அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 1986-ல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. மூடிய தொட்டி, குழி போன்ற இடங்களில் நடந்த மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அது சொன்னது. நம் ஊரிலும் கதை இதுதான். அண்ணன், தம்பி, மாமா, மச்சான் என்று சொந்தக்காரர்களே ஒன்றாக வேலை செய்கிறார்கள். கண்ணெதிரே தம்பி விழுந்தால் எந்த அண்ணன் யோசித்து நிற்பான்?

ஆனால் நிற்கத்தான் வேண்டும். முதல் ஆளை வீழ்த்திய வாயு இரண்டாவது ஆளுக்காகவும் அங்கேயே காத்திருக்கிறது. விழுந்தவர் இடுப்பில் கயிறு இருந்தால் மேலிருந்தே இழுக்கலாம். இல்லையென்றால் மேலிருந்து ஊதுவிசிறி வைத்துத் தொட்டிக்குள் நல்ல காற்றைச் செலுத்த வேண்டும். உடனே 101-ஐ அழைத்துத் தீயணைப்பு வீரர்களையும், 108-ஐ அழைத்து ஆம்புலன்ஸையும் வரவழைக்க வேண்டும். காற்று உருளையோடு இறங்கத் தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி உண்டு.

உண்மையான தணிக்கை எது?

பாதுகாப்புத் தணிக்கை என்றால், வெளிநாட்டு பையர் வருவதற்கு முன் கோப்புகளை அடுக்கி வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அளவில் நின்றுவிட்டால் அது யாரையும் காப்பாற்றாது. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதைச் செய்பவரையே கூட்டிக்கொண்டு, அது நடக்கும் இடத்துக்குப் போய் நான்கு கேள்விகள் கேட்பதுதான் தணிக்கை. இங்கே எது ஆளைக் கொல்லும்? யார் மாட்டிக்கொள்வார்? அதைத் தடுப்பது எது? அந்தத் தடுப்பு இன்று இங்கே வேலை செய்கிறதா?

உதாரணமாக டிரம்மை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒருவர் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது வெளியே ஒருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்? "கவனமாக இரு" என்ற எச்சரிக்கைப் பலகை போதாது. மின் இணைப்பைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே இறங்குபவர் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

தடுப்புகளுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில், ஆள் இறங்கும் தேவையையே நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். உறிஞ்சும் லாரியை வைத்து வெளியிலிருந்தே கசட்டை எடுக்கலாம். சல்பைடு கழிவுக்கும் அமிலக் கழிவுக்கும் தனித்தனிக் கால்வாய் வெட்டலாம். அடுத்துத்தான் காற்றோட்டமும் வாயு அளவிடும் கருவியும். மூச்சுக் கருவியும் கயிறும் கடைசி அரண். பல இடங்களில் ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்துவிட்டு முதல் படிகளை மறந்துவிடுகிறார்கள்.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவிலேயே, உள்ளே இறங்குவதற்கான விதிகள் எழுதப்பட்டிருந்தன. தகுதி பெற்ற ஒருவர் தாமே சோதித்து, "உள்ளே ஆபத்தான வாயு இல்லை" என்று எழுத்தில் சான்று தர வேண்டியிருந்தது. அப்படி இல்லையென்றால், இறங்குபவர் மூச்சுக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கயிறு கட்டியிருக்க வேண்டும் என்று அது சொன்னது. அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே சட்டம் ஆபத்தான தொழில்கள் என்று வகுத்த பட்டியலில் தோல் பதனிடுதலும் இருந்தது.

தொட்டிக்கு வெளியேயும் பார்க்க வேண்டும்

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. கசடு பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் பாய்ந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் தொட்டிக்குள் இறங்கவில்லை, தூங்கத்தான் செய்தார்கள். ஆகவே தணிக்கைக்கு வருபவர், எந்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, இரவில் ஆட்கள் எங்கே படுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

வீட்டுப் பெண்கள் கேளுங்கள்: "இன்று தொட்டி வேலையா? வாயுவை அளந்தார்களா? கயிற்றை மேலே யார் பிடிக்கிறார்?" கணவரோ மகனோ "தெரியாது" என்று சொன்னால், கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இறங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

மேஸ்திரிமார்களே, கூடுதல் கூலி என்று சொல்லி யாரையும் இறக்காதீர்கள். அவர் உங்களை நம்பி வந்தவர்.

முதலாளிமார்களே, உறிஞ்சும் லாரியின் வாடகையையும் வாயு அளவிடும் கருவியின் விலையையும் ஒரு குடும்பம் படப்போகும் பாட்டோடு வைத்துப் பாருங்கள். தொழிலாளி ஒருவர் "இது ஆபத்து" என்று சொன்னால் அதை எதிர்ப்பாக எண்ணாதீர்கள். உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமையை 1987-ல் செய்த திருத்தம் தொழிலாளிக்குத் தந்தது. உங்களுக்குக் காசில்லாமல் தணிக்கை செய்து தருபவர் அவர்தான்.

சொல்லியும் கேட்கவில்லையென்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தவர் பெயரை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது. இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேலையில் உயிர் போனால் குடும்பத்துக்கு மாத உதவித்தொகை கிடைக்க அந்தப் பதிவுதான் வழி.

விபத்துக்குப் பிறகு ஜமாஅத் கூடுகிறது, அறக்கட்டளைகள் கைகொடுக்கின்றன. அது நம் கடமை. ஆனால் இத்தாவில் இருக்கும் பெண்ணின் கையில் வைக்கும் எந்தத் தொகையும், அன்று தொட்டியின் விளிம்பில் நின்று "பொறு, முதலில் அளந்து பார்ப்போம்" என்று ஒருவர் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைக்கு ஈடாகாது. அந்த வார்த்தையைச் சொல்லும் ஆளாக நாம் ஒவ்வொருவரும் இருப்போம்.