செடிக்கும் மூச்சு முட்டும்

வீட்டில் ஒரு காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டா? இதுவரை ஒரு விதையைக்கூட மண்ணில் ஊன்றியதில்லையா? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது. உரம், பூச்சிமருந்து ஆகியவற்றைப் பற்றி இங்கே நான் சொல்லப்போவதில்லை. அவற்றுக்கெல்லாம் முன்பாக நாம் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மண்ணுக்குள் நீர் எப்படி நிற்கிறது, எப்படி நகர்கிறது என்பதே அது. இது இயற்பியல் பாடம். இந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்திவந்த நானே, தோட்டத்தில் அதை மறந்து ஆறு கத்தரிச் செடிகளைச் சாகடித்தேன்.

எங்கள் ஊர் விருத்தாசலம். பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். மின்சாரப் பியூஸ் கட்டை முதல் கொலு பொம்மை வரை இங்கே செய்கிறார்கள். அழகாக இருக்கிறதே என்று மெருகிட்ட பீங்கான் ஜாடிகள் மூன்று வாங்கி, மண் நிரப்பி, ஜாடிக்கு இரண்டாகக் கத்தரி நாற்றுகளை நட்டேன். ஜாடிகளின் அடியில் துளை இல்லை. அதை நான் பொருட்படுத்தவும் இல்லை. காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு தண்ணீர். பத்து நாளில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. தாகம் போலும் என்று எண்ணி மேலும் ஒரு செம்பு ஊற்றினேன். மூன்றாம் வாரம் அத்தனையும் செத்துவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாகி, அழுகல் நாற்றம் வீசியது. அருகில் நின்ற என் தாயார் ஒன்றே ஒன்று கேட்டார்: "தண்ணி ஊத்தறதுக்கு முந்தி மண்ணைத் தொட்டுப் பாத்தியாப்பா?"

நான் தொட்டுப் பார்க்கவில்லை!

வேருக்கும் காற்று வேண்டும்

இலை சுவாசிப்பதை நாம் அறிவோம். வேரும் சுவாசிக்கிறது. அதற்கு வேண்டிய பிராணவாயு மண்ணிலுள்ள இடுக்குகளின் வழியேதான் வர வேண்டும். நல்ல தோட்ட மண்ணில் ஏறத்தாழப் பாதிதான் திடப்பொருள், மறுபாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நீரும் காற்றும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நாம் ஓயாமல் நீர் ஊற்றினால் காற்று வெளியேறிவிடுகிறது. நீரிலும் பிராணவாயு கரைந்து பரவும். ஆனால் காற்றில் பரவும் வேகத்தில் சுமார் 10,000-இல் ஒரு பங்கு வேகத்தில்தான் அது நீரில் பரவுகிறது. வேருக்கு மூச்சு முட்டுகிறது. மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. ஆகவே தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது! அதைப் பார்த்து மேலும் ஊற்றுகிறோம். புதிதாகத் தோட்டம் போடுவோர் மனமுடைந்து விட்டுவிடுவதற்கு இதுவே பெரும் காரணம்.

உங்கள் மண் எத்தகையது?

ஒரு கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் குழாய்க்குள் நீர் தானே மேலேறும். இது நுண்புழை ஏற்றம். துளை குறுகக் குறுக ஏற்றம் மிகும். 1 மி.மீ. ஆரமுள்ள துளையில் நீர் சுமார் 1.5 செ.மீ. ஏறும், 0.1 மி.மீ. ஆரமானால் 15 செ.மீ. ஏறும். மண்ணின் இடுக்குகளும் இத்தகைய துளைகளே. மணலின் இடுக்குகள் பெரியவை. ஊற்றிய நீர் இறங்கி ஓடிவிடும், காற்று நிறையும். களிமண்ணின் இடுக்குகள் மிக மிகச் சிறியவை. நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், காற்றுக்கு இடமிராது.

உங்கள் மண்ணில் எது எவ்வளவு என்று அறிய ஒரு கண்ணாடிப் புட்டி போதும். மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி வையுங்கள். மணல் ஐந்து நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும். வண்டல் படியச் சில மணி நேரமாகும். களிமண்ணின் நுண்துகள்களோ மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். 0.02 மி.மீ. துகள் 10 செ.மீ. ஆழம் இறங்க ஐந்து நிமிடம் போதும், 0.002 மி.மீ. துகளுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். களி மிகுந்திருந்தால் மணலும் மட்கிய தொழுஉரமும் கலக்க வேண்டும். மணல் மிகுந்திருந்தால் தொழுஉரத்தைக் கூட்ட வேண்டும். தொட்டிக்கு, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழுஉரம் ஒரு பங்கு என்பது நல்ல தொடக்கம்.

தொட்டிக்கு அடியில் நடப்பது

தொட்டியின் அடியில் சல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்பார்கள். உண்மை அதுவன்று. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை எடுத்து நன்றாக நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் நீர் சொட்டும்! நுண்துளைகள் தம் அடிப்பகுதியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீரைத் தாங்கி நிற்கும். படுத்திருக்கும் பஞ்சு முழுவதும் அந்த உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. நிமிர்த்தினால் மேற்பகுதி வடிந்து காற்று புகுகிறது. தொட்டி மண்ணும் இப்படியே. சல்லி போட்டால் அந்த ஈரப் பகுதி சல்லிக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் நெருங்கி நிற்கும். ஆகவே அடியில் துளை இருக்க வேண்டும். தொட்டி ஆழமாக இருக்க வேண்டும். கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும். வெண்டை, கத்தரிக்கு 30 செ.மீ. வேண்டும்.

முதல் பாத்தி

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சதுர மீட்டர் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் அது ஒரு லிட்டர் நீர். கடுங்கோடையில் அவ்வளவு இடத்திலிருந்து நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் ஆவியாகும். மழைக்காலத்தில் இதில் பாதிகூட வேண்டியிராது. எனவே தினமும் இத்தனை செம்பு என்று கணக்கு வைக்காதீர்கள்.

முதலில் கீரை விதையுங்கள். பொடி விதையை மணலுடன் கலந்து தூவி, மெல்லியதாக மண் மூடினால் போதும். சிறுகீரையை ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். அந்த முதல் பிடிக் கீரை தரும் உற்சாகம் பெரிது. அடுத்து வெண்டை. விதையை ஓர் இரவு ஊறவைத்து நேராகவே ஊன்றுங்கள். சுமார் 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்று விட்டு, மாலை நேரத்தில் எடுத்து நட வேண்டும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. தொடங்குவதற்கு அது ஏற்ற பருவமே.

பானை சொல்லும் பாடம்

ஊறுகாய் ஜாடியும் தண்ணீர்ப் பானையும் மண்ணால் ஆனவையே. ஆனால் ஜாடியின் மேல் கண்ணாடி போன்ற மெருகு படிந்து துளைகளை அடைத்துவிடுகிறது. பானைக்கு மெருகு இல்லை. அதன் நுண்துளைகளில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. இந்தக் கசிவையே பாசனமாக்கலாம். பானையைக் கழுத்து வரை பாத்தியில் புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிட்டு, சுற்றிலும் செடிகளை நடுங்கள். மண் காய்ந்தால் அதன் நுண்புழைகள் பானையிலிருந்து நீரை இழுக்கும். மண் நனைந்துவிட்டால் இழுப்பு குறைந்து கசிவும் குறையும். அதாவது, எவ்வளவு நீர் வேண்டும் என்பதை மண்ணே பெரும்பாலும் முடிவு செய்கிறது!

இது புதிய யோசனை அன்று. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபான் ஷெங்ஜியின் சீன வேளாண் நூலில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள மத்திய மண் உவர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். சி. மண்டல் இதை ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டார்.

பானை வாங்கும்போது கவனியுங்கள். மெருகோ வண்ணமோ பூசியது உதவாது. நீர் நிரப்பி நிழலில் வைத்தால் சில மணி நேரத்தில் வெளிப்புறம் ஈரமாக வேண்டும். கலங்கல் நீர் ஊற்றினால் துளைகள் நாளடைவில் அடைபடும். அவ்வப்போது தேய்த்துக் கழுவுங்கள். விதை முளைத்து வேர் விடும் வரை மேலேயும் சிறிது நீர் தெளிக்க வேண்டும்.

ஐயம் எழுந்தால் கேட்க இடமுண்டு. விருத்தாசலத்தில் இருப்பது போன்ற வேளாண் அறிவியல் நிலையங்கள் பெரும்பாலான மாவட்டங்களில் செயல்படுகின்றன. தயங்காமல் சென்று கேளுங்கள்.

இப்போது என் வீட்டில் ஒரு பாத்தியின் நடுவே பானை புதைந்திருக்கிறது. சுற்றிலும் நான்கு கத்தரிச் செடிகள் காய்த்து நிற்கின்றன. அந்த மூன்று ஜாடிகளுள் ஒன்றில் என் தாயார் மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறார். நானோ தினமும் காலையில் செம்பை எடுப்பதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறேன். ஈரம் தட்டுப்பட்டால் செம்பை அப்படியே வைத்துவிடுகிறேன். நீங்களும் நாளைக் காலை முதல் அப்படிச் செய்து பாருங்கள்.